ரங்கூனில் விழுந்த குண்டைச் செய்தது எந்தக் கம்பெனி?

பர்மாவில், ரங்கூனுக்கு அக்கரையில் இருக்கும் சிரியம் ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய பாட்டியின் அண்ணன் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் போட்ட குண்டில் இறந்துபோனார். வீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் துண்டு இருக்கிறது, கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்திருக்கிறார்கள், "அண்ணனக் கொன்ன குண்டு" என்று பாட்டி சொல்வாராம். அதில் சிலுவை மாதிரி ஒரு குறி இருக்கிறது, மாமா ஒருவர் அது ஜெர்மன் சிலுவை என்கிறார். அந்தக் குண்டைச் செய்தது எந்தக் கம்பெனி, மிட்சுபிஷியா, எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் கேள்வி.

மாமாவை முதலில் முடித்துவிடுகிறேன். ரங்கூன் மேல் ஜெர்மன்காரன் குண்டு போட்டதே இல்லை. ஆனால் அந்தச் சிலுவையை நான் தள்ளிவிடவில்லை, அதுதான் உங்கள் கையில் இருக்கும் நல்ல தடயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் ரங்கூனில் தாம்வே பக்கம் முப்பது வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தவன், படித்த சரித்திரக்காரன் இல்லை. பழைய இரும்பு வாங்கி வாங்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வந்து, அதிலிருந்து இந்தப் பைத்தியம் பிடித்தது. அதனால் சொல்கிறேன், உங்கள் கேள்வியில் இரண்டு கதைகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று பெரியவர் இறந்த கதை. இன்னொன்று இந்த இரும்பு உங்கள் வீட்டுக்கு வந்த கதை. இரண்டும் ஒன்றுதான் என்று பாட்டி சொல்கிறார், இருக்கலாம், ஆனால் அதை முதலில் பிரித்துப் பார்க்காமல் கம்பெனி பெயர் தேடினால் வேறு ஒருவனுடைய குண்டுக்கு ஜப்பான்காரனைத் திட்டிக்கொண்டிருப்போம்.

ஏன் என்றால், ரங்கூனில் குண்டு போட்டது ஒரு பக்கம் மட்டும் இல்லை. 1941 டிசம்பர் 23, 25, அப்புறம் அடுத்த சில வாரங்கள் ஜப்பான். 1942 மார்ச் 7 அன்று வெள்ளைக்காரன் ஊரை விட்டுப் போகும்போது உங்கள் சிரியத்தில் இருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையைத் தானே வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் போனான், மறுநாள் ஜப்பான்காரன் உள்ளே வந்தான். அதற்குப் பிறகு மூன்று வருஷம் குண்டு போட்டது அமெரிக்கனும் பிரிட்டிஷ்காரனும்தான். வங்காளத்தில் பாண்டவேஸ்வர் மாதிரியான தளங்களிலிருந்து பி-24 விமானங்கள் வந்தன. 1944 நவம்பர் 3 அன்று கரக்பூர் பக்கத்துத் தளங்களிலிருந்து பி-29 வந்து மாலகோன் ரயில் யார்டை அடித்தது. இன்சின் ரயில் பட்டறையும் தப்பவில்லை. எண்ணிக்கையில் பார்த்தால் ரங்கூன் மண்ணுக்குள் நேச நாட்டு இரும்புதான் அதிகம் கிடக்க வேண்டும். ஆகவே சிரியத்து வீட்டில் கிடக்கும் ஒரு துண்டு ஜப்பான் குண்டாக இருக்கலாம், அமெரிக்கன் குண்டாக இருக்கலாம், குண்டே இல்லாமல் எண்ணெய் ஆலையின் டாங்கித் தகடாகவும் இருக்கலாம்.

இதை நானே ஒரு தடவை பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பெகு பக்கம் ஒரு கிராமத்து மாரியம்மன் கோயிலில் மணிக்குப் பதிலாகக் குண்டின் வெளிக்கூட்டைத் தொங்கவிட்டு அடிப்பார்கள். நம் பர்மாவில் பள்ளிக்கூடத்திலும் பௌத்த மடத்திலும்கூட இப்படி உண்டு, நல்ல கணீர் சத்தம் வரும். பூசாரியிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோரும் "ஜப்பான் குண்டு" என்றார்கள். நானும் ஜப்பான் என்றே நோட்டில் எழுதினேன். பிறகுதான் அது தொங்கும் இடத்தைப் பார்த்தேன். கூட்டின் ஒரு பக்கத்தில் இரண்டு இரும்புக் காதுகள், டேப் வைத்தால் நடுவில் சரியாகப் பதினான்கு அங்குலம். அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் தனியாக ஒரு காது. அது அமெரிக்கன் குண்டுக்கே உரிய அமைப்பு. இரண்டு காது அவன் விமானத்தில் மாட்ட, எதிர்ப்பக்கத்து ஒற்றைக் காது பிரிட்டிஷ் விமானத்தில் மாட்ட. ஜப்பான் குண்டுக்கு இந்த மூன்று காது கிடையாது. பூசாரியிடம் சொன்னேன். "எவன் போட்டா என்னங்க, சத்தம் நல்லா இருக்கு" என்றார். அதுவும் சரிதான்.

சரி, உங்கள் துண்டு உண்மையிலேயே டிசம்பர் 23-ஆம் தேதி விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வேலை பாதி குறைகிறது. அன்று காலை பத்து மணி வாக்கில் மிங்கலடோன் விமானத்தளத்தையும் துறைமுகத்தையும் ஊரையும் அடித்தது ஜப்பான் தரைப்படையின் விமானப் பிரிவு, கடற்படை விமானம் இல்லை. ஜப்பானில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாத பங்காளிகள் மாதிரி, குண்டுகூடத் தனித்தனியாகத்தான் செய்துகொண்டார்கள். மாதிரி வேறு, குண்டை வெடிக்கவைக்கும் திரி வேறு, பெயின்ட்கூட வேறு: தரைப்படைக் குண்டு பெரும்பாலும் கருப்பு, கடற்படையது சாம்பல். அன்று ஊருக்கு மேல் குண்டு சுமந்து வந்தவை கி-21 என்ற இரட்டை இயந்திர விமானமும் கி-30 என்ற ஒற்றை இயந்திர விமானமும். இரண்டையும் வடிவமைத்தது மிட்சுபிஷி. அதற்கு முன் ரங்கூன் ஜனங்கள் குண்டைக் கண்டதில்லை. பதுங்குகுழிக்குப் போகாமல் தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். விழுந்ததில் சிதறிக் கொல்லும் சின்னக் குண்டுகள் நிறைய இருந்தன. இரண்டு நாள் தாக்குதலில் ஆயிரக்கணக்கானோர் செத்ததற்கு அதுதான் முக்கியக் காரணம், துறைமுகத்தில் வேலை செய்த நம் ஆட்கள் அதில் ஏராளம். மிச்சமிருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு இந்தியாவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். அந்த நடை எங்கே போய் முடிந்தது என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஆகவே விமானத்துக்கு மிட்சுபிஷி என்று பதில் சொல்லலாம். குண்டுக்குச் சொல்ல முடியாது. எல்லோரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஜப்பான் தரைப்படை தன் வெடிபொருளைத் தன் சொந்த ஆயுதசாலைகள் மூலமாகவே செய்துகொண்டது: டோக்கியோவில் இரண்டு, ஒசாகா, நகோயா, கோக்குரா, சகாமி. இதில் டோக்கியோ இரண்டாவது ஆயுதசாலைதான் வெடிமருந்துக்குப் பேர் போனது. கூடு ஒரு இடத்தில் ஆகும், மருந்து இன்னொரு இடத்தில், திரி மூன்றாவது இடத்தில், கடைசியில் வேறு எங்கோ கொண்டுபோய் நிரப்புவார்கள். நடுவில் தனியார் கம்பெனிகள் கூலிக்குக் கடைசல் வேலை, வார்ப்பு வேலை எடுத்துச் செய்யும். என் பட்டறைக்கு ஆர்டர் வருகிற மாதிரிதான். நான் கடைந்து கொடுத்த போல்ட்டில் என் பேரா இருக்கிறது? கேட்கிற பெரிய கம்பெனி முத்திரைதான் இருக்கும். குண்டின் கதையும் அதுவே. "யார் செய்தது" என்றால் ஒருவர் பெயர் வராது, நான்கைந்து பெயர் வரும், அதில் இரும்பில் எழுதியிருப்பது ஒன்றுதான்.

இப்போது சிலுவை. கூட்டல் குறி மாதிரி நேராக இருக்கிறதா, பெருக்கல் குறி மாதிரி சாய்ந்திருக்கிறதா பாருங்கள். நேராக இருந்தால் அது ஜப்பானிய எழுத்தில் பத்து. ஜப்பான்காரன் வருஷத்தை அவன் ராஜா பட்டத்துக்கு வந்த கணக்கில்தான் போடுவான், அந்தக் காலம் ஷோவா. ஷோவா எண்ணோடு 25-ஐக் கூட்டினால் நம் ஆங்கில வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம் வந்துவிடும். ஷோவா 16 என்றால் 1941. பத்துக்கு மேலே, அல்லது இடப்பக்கம், ஷோவாவின் முதல் எழுத்து இருக்க வேண்டும்: இடப்பக்கம் நடுவில் ஒரு கோடு போட்ட குட்டிப் பெட்டி, வலப்பக்கம் மேலே ஒரு கொக்கி, அந்தக் கொக்கிக்குக் கீழே வெறும் பெட்டி. பத்துக்கு அடுத்து வரும் எழுத்துதான் வருஷத்தை முடிவுசெய்யும். ஒரு கோடு ஒன்று, இரண்டு கோடு இரண்டு, மூன்று கோடு மூன்று. ஆறு என்றால் மேலே ஒரு புள்ளி, அதன் கீழ் ஒரு கோடு, அந்தக் கோட்டுக்குக் கீழே இரண்டு கால் விரித்து நிற்கும். கிடைப்பது ஷோவா 17-ஓ அதற்கு மேலோ என்றால் 1941 டிசம்பரில் அது விழுந்திருக்க முடியாது, அவ்வளவுதான், பாட்டி மனது கஷ்டப்பட்டாலும் அதை மாற்ற முடியாது.

இன்னொரு எண்ணும் குழப்பும். 94, 92, 99 என்று எங்காவது கண்டால் அது செய்த வருஷம் இல்லை, மாதிரி ஏற்றுக்கொள்ளப்பட்ட வருஷம். ஜப்பானின் இன்னொரு பழைய ஆண்டுக் கணக்கில் 2594 என்பதன் கடைசி இரண்டு எண்தான் 94, அதிலிருந்து 660 கழித்தால் 1934. மாதிரி 1934-இல் வந்திருக்கும், குண்டு 1940-இல் செய்ததாக இருக்கும். நான் பார்த்த எத்தனையோ பேர் இதில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள், நானும்தான்.

சாய்ந்த சிலுவையாக இருந்தால் வெறும் கீறலாகவும் இருக்கலாம். கோழிக்கால் மாதிரி மூன்று விரல் அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதற்கான முத்திரை.

எழுத்தே இல்லை என்றாலும் துண்டு கொஞ்சம் பேசும். குழிந்த பக்கத்தின் குறுக்கே ஒரு ஸ்கேலை வையுங்கள், இரண்டு ஓரமும் ஸ்கேலைத் தொடவேண்டும். தொடும் இரண்டு இடத்துக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள், நடுவில் ஸ்கேலுக்கும் இரும்புக்கும் எவ்வளவு பள்ளம் என்று பாருங்கள். நீளத்தை அதே நீளத்தால் பெருக்கி, பள்ளத்தின் எட்டு மடங்கால் வகுத்து, அதோடு பள்ளத்தில் பாதியைக் கூட்டினால் உருளையின் ஆரம் கிடைக்கும். உதாரணமாக நீளம் 8, பள்ளம் 1 என்றால் ஆரம் எட்டரை, உள்விட்டம் 17 செ.மீ. அதோடு சுவர்க் கனத்தை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜப்பான் தரைப்படையின் 50 கிலோ குண்டு 18 செ.மீ. வாக்கில் விட்டம் உள்ளது. அமெரிக்கனின் 500 பவுண்டுக் குண்டுக்கு வயிறு 36 செ.மீ. வெடிக்கும்போது இரும்பு விரிந்து நிமிரும், அதனால் உங்கள் கணக்கு நிஜத்தைவிடப் பெரிதாகத்தான் வரும், ஆனாலும் 18-க்கும் 36-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும். பள்ளமே இல்லாமல் தட்டையாக இருந்தால்? சிரியத்து டாங்கித் தகடு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பின் பொடியை லேபில் கொடுத்துப் பார்த்தால் எந்த ஆலை என்று தெரியாதா என்று கேட்பீர்கள். கரி எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று சொல்வார்கள், ஆலை பெயர் அதில் வராது, காசைக் கரைக்க வேண்டாம்.

அமெரிக்கன் குண்டு என்று தெரிந்தால் கம்பெனி தேடுவது ரொம்பச் சுலபம், இது ஒரு வேடிக்கை. அவன் எல்லாவற்றுக்கும் லாட் நம்பர், அதாவது ஒரு தொகுதிக்கு ஒரு எண், போட்டுப் பேப்பரில் ஏற்றியிருக்கிறான், அந்த நம்பரிலேயே மருந்து நிரப்பிய இடத்தின் முதலெழுத்துகள் இருக்கும். குண்டுக் கூடு செய்வதில் பெரிய ஆள் மில்வாக்கி ஊரில் ஏ. ஓ. ஸ்மித் என்ற கம்பெனி, கார் சட்டகம் செய்துகொண்டிருந்தவன், போர் முடிவதற்குள் 45 லட்சம் குண்டு செய்திருந்தான். இன்றைக்கு அதே பேரில் வாட்டர் ஹீட்டர் விற்கிறது. நெப்ராஸ்காவில் இரண்டு பெரிய நிரப்பு ஆலைகள்: ஒன்றை நடத்தியது ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனியின் துணை நிறுவனம், மற்றதை நடத்தியது குவேக்கர் ஓட்ஸ் கம்பெனியின் துணை நிறுவனம். ஆமாம், டப்பாவில் தாத்தா படம் போட்ட அதே ஓட்ஸ்தான். ஆனால் நம் ஊரில் சிக்கல் என்னவென்றால், லாட் நம்பரைப் பெரும்பாலும் பெயின்டில் போட்டிருப்பார்கள், அது எண்பது மழைக்காலத்தில் போய்விட்டது. உலோகத்தில் பதித்த எழுத்து தெளிவாக இருப்பது திரியில், அதாவது மூக்கிலும் வாலிலும் திருகும் அந்தச் சின்னப் பாகத்தில். அதில் பித்தளை இருந்தால் அதுதான் முதல் ஆளாகப் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

இப்போது இரும்புக்கே வருகிறேன், எனக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். ஜப்பானிடம் போதிய இரும்புத் தாது கிடையாது. அவனுடைய யவாட்டா உருக்காலைக்கு மலாயாவிலிருந்து தாது போனது, ஜொகூரில் பத்து பஹாட் பக்கமும் திரெங்கானுவில் டுங்குன் பக்கமும் ஜப்பான்காரனே சுரங்கம் வைத்திருந்தான், பிரிட்டிஷ் கொடியின் கீழேயே. இந்தியாவின் வார்ப்பிரும்புக்கு ஜப்பான் பெரிய வாடிக்கைக்காரன். அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகப் பழைய இரும்பு போனது, அதை ரூஸ்வெல்ட் நிறுத்தியது 1940 அக்டோபரில்தான். டிசம்பர் 23-இல் விழுந்த குண்டில் அமெரிக்காவின் பழைய கார் இருந்திருக்கலாம் என்று நான் சொன்னால் அது வாய்க்கு வந்த பேச்சு இல்லை.

இதில் உங்கள் பெரியவரைப் போன்ற ஆட்களும் வருகிறார்கள். 1938 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் போர்ட் கெம்ப்ளா என்ற துறைமுகத்தில் டால்ஃப்ராம் என்ற கப்பலில் ஜப்பானுக்கு வார்ப்பிரும்பு ஏற்றச் சொன்னார்கள். அங்கே மூட்டை தூக்குபவர்கள் ஏற்ற மாட்டோம் என்றார்கள். அது சீனாவில் குண்டாக விழும், பிறகு நம் தலையிலும் விழும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பத்து வாரம் கூலி இல்லாமல் நின்றார்கள். அரசாங்கம் விடவில்லை, 1939 ஜனவரியில் ஏற்ற வேண்டியதாயிற்று. அன்று அவர்களை மிரட்டிய மந்திரி மென்சீஸ், பின்னால் பிரதமரான பிறகும், "வார்ப்பிரும்பு பாப்" என்ற பட்டப்பெயர் அவரைச் சாகும்வரை விடவில்லை. கூலிக்காரர்களின் பெயரைத் தேடினால் கிடைக்கிறது. குண்டு செய்தவனின் பெயர் கிடைக்க மாட்டேன் என்கிறது.

கிடைக்காததற்குக் காரணம் உண்டு. 1945 ஆகஸ்டில் சரணடைந்ததும் ஜப்பான் ராணுவம் தன் காகிதங்களை நாள்கணக்கில் எரித்தது. தப்பியதில் பெரும் பகுதியை இப்போது ஜப்பான் அரசே ஆசிய வரலாற்று ஆவண மையம் என்று 2001 முதல் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் தேடினால் கொஞ்சம்தான் வரும், ஜப்பானிய எழுத்தை ஒட்டித் தேடினால் மளமளவென்று வரும், மொழிபெயர்ப்புச் செயலி போதும். குண்டுக்கு அவர்கள் சொல் "பகுடான்" (爆弾). அமெரிக்கர்கள் போர் முடிந்த கையோடு ஜப்பானுக்குள் போய் ஆயுதசாலை ஆயுதசாலையாகப் பார்த்து, ஒவ்வொரு குண்டுக்கும் படம், அளவு, நிறப் பட்டை, திரி எல்லாம் போட்டுக் கையேடு வெளியிட்டார்கள், அந்தக் கையேடுகள் இணையத்தில் ஸ்கேன் செய்து கிடக்கின்றன. உங்கள் 18 செ.மீ.-ஐ ஒப்பிட அதுதான் இடம். நேச நாட்டுப் பக்கம் என்றால் பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன்களின் நாள்குறிப்பு லண்டனில் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, எந்தத் தேதியில் எந்த ஊர் மேல் என்ன எடைக் குண்டு எத்தனை என்று வரி வரியாக இருக்கும். அமெரிக்கனது அலபாமாவில் மேக்ஸ்வெல் விமானத்தளத்தில்.

மிட்சுபிஷி மேல் ஏன் கண் என்று புரிகிறது, பெயர் தெரிந்த கம்பெனி என்றால் கோபத்துக்கு ஒரு முகவரி கிடைக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் போனால் நம் ஊர் நீல மஸ்டா டாக்சியில், அந்த நாலு சக்கர லேபெயினில், யாரும் ஏறியிருக்க முடியாது. போர்க்காலத்தில் மஸ்டா கம்பெனியும் ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்தது. 1954-இல் பர்மாவோடு கையெழுத்தான நஷ்டஈட்டு ஒப்பந்தத்தில் ஜப்பான் 20 கோடி டாலர் பத்து வருஷத்தில் தர ஒப்புக்கொண்டது, ஹினோ லாரியும் மஸ்டாவும் நமக்கு வந்த வழி அதுதான். நஷ்டஈடு நாட்டுக்கு நாடு முடிந்துபோன கணக்கு, குடும்பத்துக்கு என்று தனியாக ஒன்றும் வரவில்லை.

ஒரு எச்சரிக்கை. உங்களிடம் இருப்பது உடைந்த வெறும் துண்டு என்றால் பயமில்லை. ஆனால் எங்காவது முழுக் குண்டோ, உள்ளே மஞ்சளாக ஏதாவது ஒட்டிய துண்டோ கண்டால் தொடாதீர்கள், கம்பி பிரஷ் போடாதீர்கள். ஜப்பான்காரன் பிக்ரிக் அமிலம் நிறைய நிரப்பினான், அது உலோகத்தோடு சேர்ந்து நாளானால் உரசலுக்கே வெடிக்கும் உப்பாக மாறும். அப்புறம், இன்றைய நிலவரத்தில் இந்தத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் காட்ட ரங்கூனுக்கு பஸ் ஏற வேண்டாம். சோதனைச் சாவடியில் நீங்கள் 1941 என்று சொல்லி முடிப்பதற்குள் என்னவெல்லாமோ நடந்துவிடும்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். துண்டை மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுத் துணியால் துடையுங்கள், சுரண்ட வேண்டாம். மெல்லிய தாளை அந்தச் சிலுவை மேல் வைத்து, பென்சிலைப் படுக்கைவசமாகப் பிடித்துத் தேயுங்கள், கண்ணுக்குத் தெரியாத கோடுகூடத் தாளில் வரும். பிறகு சாயங்கால வெயிலில் துண்டைச் சாய்த்து வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். ஸ்கேல் அளவு இரண்டையும், ஓரத்தின் கனத்தையும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பாட்டியிடம் உட்கார்ந்து ஒன்று கேளுங்கள்: இந்த இரும்பை முதலில் எடுத்து வந்தது யார், துறைமுகத்திலிருந்தா, சிரியத்து மண்ணிலிருந்தா, அவர் அப்போது கைக்குழந்தையா, விவரம் தெரிந்த வயதா. அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, பென்சில் தேய்த்த தாளின் படத்தோடு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.